பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாஸ்வேர்டு

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் தப்பு என்றது.

சிவப்பு எழுத்தில் வந்ததைத் திருமலை இரண்டு முறை படித்தான். பாஸ்வேர்டு சரியில்லையாம். மூன்று முறை தவறாகப் போட்டுவிட்டதால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்பதை, நாகரிகமான இங்கிலீஷில், முன்னால் ஒரு 'ப்ளீஸ்' போட்டுச் சொல்லியிருந்தது.

"இன்னா சார், தெறக்கலையா?" என்றான் நெட் சென்டர் புகழேந்தி, மேஜையை விட்டு எழுந்திருக்காமலே.

"தெறக்கும், தெறக்கும். லைன் ஸ்லோவா இருக்குது."

"லைன் நல்லாத்தானே இருக்குது?"

திருமலை கேபினின் துணித்திரையை இழுத்து மூடிக்கொண்டான். காலை ஏழரை மணிக்கே அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிப்படி ஏறினால் புகழேந்தியின் நெட் சென்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போன் லைனில் மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை ஆறு கேபினிலும் ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு மெயில் வந்துவிட்டால் மற்ற ஐந்து பேரும் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். துபாயிலிருந்து மகன் எழுதிய நாலு வரியை பிரிண்ட் எடுத்து, மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போய், தெருவுக்கே படித்துக் காட்டிய அப்பாக்கள் உண்டு. இன்றைக்கு ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அந்த வியாதி அப்போது ஊருக்குள் வந்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒருவர் பாஸ்வேர்டை மறப்பதில் ஒரு விசேஷமும் இல்லை. வாரத்துக்கு நாலு பேர் மறந்தார்கள். புகழேந்தி சலித்துக்கொள்ளாமல் புது மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்துவிடுவான். ஆனால் இப்போது மறந்திருப்பது திருமலை. அருணை மின்னஞ்சல் காப்புக் கழகத்தின் செயலாளர்.

கழகத்துக்கு வயது மூன்று. உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். மெயில் என்பது சொந்தக் கடிதம், அதைப் பூட்டி வைக்கப் பழகுங்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. தலைவர் அருணகிரி, தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டுச் சாவும், யார் வீட்டுப் பிள்ளைப்பேறும் அவருக்குத்தான் முதலில் தெரியும். தந்தி போய்ச் சேரும்வரை பெண்சாதியிடம்கூட வாயைத் திறந்ததில்லை. அவரும், டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த திருமலையும் சேர்ந்து ஆரம்பித்த கழகம் அது.

ஆரம்பித்த மாதமே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேரின் பாஸ்வேர்டு 'அண்ணாமலை'. மீதிப் பேருடையது 'அருணாசலம்'. அதை மாற்றச் சொன்னபோது, "சாமி பேரை எடுக்கச் சொல்றியா நீ?" என்று ஒருவர் திருமலையின் சட்டையைப் பிடித்தது தனிக் கதை.

அதற்குப் பிறகு ஐந்து விதிகளை ரோஸ் கலர் நோட்டீசில் அச்சடித்தார்கள். சாமி பெயர் வேண்டாம். வீட்டார் பெயர் வேண்டாம். எதிலும் எழுதி வைக்காதீர். அடுத்தவர் மெயிலில் என்ன வந்தது என்று கேட்காதீர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாஸ்வேர்டை மாற்றுவீர். இந்தக் கடைசி விதி திருமலையின் மூளையில் உதித்தது. மாதத்துக்கு ஒரு தடவை மாற்று என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பௌர்ணமி என்றால் இந்த ஊரில் மறக்கிறவர் கிடையாது.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. திருமலையும் கிரிவலம் போனான், நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே. சாயங்காலம் அடி அண்ணாமலையில் தங்கம்மாள் டீக்கடையில் உட்கார்ந்து, கடைக்காரியின் பெயரையும், தின்ற பலகாரத்தையும், அதன் எண்ணிக்கையையும் சேர்த்துப் புது பாஸ்வேர்டு ஒன்றை உண்டாக்கினான். எந்தத் திருடனுக்குத் தோன்றும் இது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, திரும்பி வந்து மாற்றியும் விட்டான். இப்போது தங்கம் நினைவிருக்கிறது. போண்டா நினைவிருக்கிறது. எத்தனை என்பதுதான் அடியோடு போய்விட்டது. இரண்டு, மூன்று, நாலு என்று போட்டுப் பார்த்தாயிற்று.

"புது ஐடி ஒண்ணு போட்டுத் தரட்டா சார்?" என்று புகழேந்தி திரைக்கு வெளியே வந்து நின்றான்.

"பழைய வீட்டுக்குக் கடுதாசி வந்திருந்தா, புது வீட்ல உக்காந்துகினு இன்னாடா பண்றது?"

"முக்கியமான மெயிலா?"

"சங்க விஷயம்."

புகழேந்தி ஒரு மாதிரியாகச் சிரித்தான். ஆனால் வேறு எதுவும் கேட்கவில்லை.

சங்க விஷயமாவது, மண்ணாங்கட்டியாவது. வினோதினியின் மெயில் அது.

வினோதினி கீழ்பென்னாத்தூரில் நர்சரிப் பள்ளி டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே நூலகத்தில் திருமலை வகுப்பு எடுத்தபோது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "யாருக்கும் சொல்லக் கூடாதுங்கறதை நீங்க ஏன் சார் இவ்ளோ சத்தமா சொல்றீங்க?" என்று கேட்டாள். கேட்டவள் சிரித்தும் விட்டாள். அன்றைக்கே அவள் கழகத்தில் உறுப்பினர் ஆனாள், திருமலை வேறு மனிதன் ஆனான். அதிலிருந்து வாரம் இரண்டு மெயில். அவளைக் கேட்காமல் அவன் ஒரு செருப்புகூட வாங்கியதில்லை. அவள் இல்லாத ஒரு நாளை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல, அவன் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தான்.

இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவன் நம்பினான். முக்கியமாக அவன் அம்மா ஆதிலட்சுமிக்குத் தெரியாது. ஆதிலட்சுமி அம்மாள் காதில் விழுந்த சேதி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். அதுவும் நடுவில் அவர் காபி குடித்தால்தான்.

போன திங்கட்கிழமை வினோதினி எழுதியிருந்தாள். "வியாழக்கிழமை சாயங்காலம் ஆரணியிலிருந்து எனக்குப் பூ வைக்க வர்றாங்க. புதன்கிழமை அப்பாகிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிடறேன். பாஸ்வேர்டு மாத்தச் சொல்றது ஒரு வேலையான்னு கேப்பாரு, பாத்துக்கறேன். அவர் ஒத்துக்கிட்டா வியாழக்கிழமை காலையில மெயில் வரும், ஆறு மணிக்குள்ள உங்க மனுஷங்களோட வந்துடுங்க. வரலைன்னா அவர் ஒத்துக்கலைன்னு அர்த்தம். அப்ப நீங்க வரவேணாம், என்னால பாக்க முடியாது."

இன்றைக்கு வியாழக்கிழமை. அவள் வீட்டு டெலிபோனோ, வீட்டின் முன்கட்டிலேயே இருக்கும் வேர்க்கடலை மண்டியில் அவள் அப்பா சக்கரபாணியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மெயில் கம்பெனி இன்னொரு வழி வைத்திருந்தது. பாஸ்வேர்டு மறந்தால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். உங்கள் தாயாரின், திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?

"நம்ம பக்கம் ஏது சார் அது?" என்றான் புகழேந்தி. "கல்யாணத்துக்கு முந்தி இன்னார் பொண்ணு, அப்பறம் இன்னார் பெண்சாதி. நீங்க இன்னா போட்டீங்க?"

திருமலைக்கு அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைப் போடாதீர்கள், யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பொய்யைப் போடுங்கள் என்று அவன்தான் நாற்பத்து மூன்று பேருக்கும் வகுப்பு எடுத்திருந்தான். தானும் ஒரு பொய்யைத்தான் போட்டிருந்தான். என்ன பொய் என்பதை இப்போது அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

புகழேந்தியின் மொபெட்டை வாங்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் பறந்தான்.

தங்கம்மாள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். பௌர்ணமிக் கூட்டம் போய், சாலை காலியாகக் கிடந்தது. பெஞ்சில் சுப்பன் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தான். கடலைக்கொல்லை வேலைக்குப் போவதற்கு முன் தினமும் அரைமணி நேரம் அங்கே உட்காருகிறவன் அவன்.

"தங்கம்மா, பௌர்ணமி அன்னிக்கு நான் எத்தினி போண்டா சாப்ட்டேன்?"

தங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சங்க வேலை. ஒரு மெயிலைத் தெறக்கணும்."

"சங்க வேலையா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "அன்னிக்கு லட்சம் ஜனம் சுத்துச்சு. யாரு எத்தினி தின்னாங்கன்னு நான் எண்ணிகினு இருந்தா அடுப்பை யாரு பாக்கறது? சாப்புடறவங்க வாயை உத்துப் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாது."

"நாலு" என்றான் சுப்பன்.

"நாலு போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப அஞ்சு. இல்ல இல்ல, டீ சொல்லிட்டு மறுபடியும் ஒண்ணு கேட்டீங்க. ஆறு."

"ஆறெல்லாம் எப்படிப்பா தின்னிருப்பேன்?"

"நீங்க கொஞ்சம் ஜாஸ்திதான் சார் சாப்புடுவீங்க" என்றான் சுப்பன், மரியாதையாக.

தங்கம்மாள் சூடாக இரண்டு இட்லியை இலையில் வைத்து நீட்டினாள். "மொதல்ல இதைச் சாப்புடுங்க. இன்னிக்கு வெறும் வயித்துல அலையக் கூடாது." எவ்வளவோ சொல்லியும் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

என்ன மெயில், யாருடைய மெயில் என்று அவளும் கேட்கவில்லை, சுப்பனும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் திருமலைக்கு அந்தக் கவலையிலும் ஒரு சின்னப் பெருமை உண்டாயிற்று. மூன்று வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை. அடுத்தவர் மெயிலைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று இந்த ஊரும் கற்றுக்கொண்டுவிட்டதே!

பத்தரை மணிக்கு ஐந்து போட்டான். தப்பு. ஆறு போட்டான். தப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று போட்டான். அதுவும் தப்பு. இனி இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றது கம்ப்யூட்டர். இந்தத் தடவை ப்ளீஸ் இல்லை.

திருமலை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது படியேறி வந்தார் தலைவர் அருணகிரி. புகழேந்தி போன் செய்திருந்தான். தலைவர் சலவை வேட்டியும் புதுச் சட்டையுமாக இருந்தார்.

"இன்னிக்குக்கூடவா சங்க வேலை? நீதான்யா செயலாளர்!" என்று தோளில் தட்டினார். "சொல்லு, இன்னா மெயிலு?" என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேணாம், வேணாம், சொல்லாதே. நாலாவது விதி. சங்கத்துக்கு வந்த மெயிலு தெறக்கலைன்னா அது உன் கஷ்டம் இல்லப்பா, நாப்பத்து மூணு பேரு கஷ்டம். அவசரக் கூட்டம் போட்டுடலாம்."

"ஐயோ, கூட்டமெல்லாம் வேணாங்க ஐயா."

தந்தி ஆபீஸ்காரருக்கு அவசரம் என்ற சொல் ஒன்று போதும். பன்னிரண்டரை மணிக்கெல்லாம் உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர் நெட் சென்டரில் நின்றார்கள். வழக்கமான கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தாலே அதிகம். வந்தவர்கள் எல்லாரும் திருமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போட்டோ ஸ்டுடியோ வேணு கட்டியே பிடித்துக்கொண்டான். ஒருத்தனுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனதற்கா இத்தனை பாசம் என்று திருமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் தலைவர். "எல்லாத்தையும் எழுதிப்போம். அதுல எது நல்லாருக்குதோ அந்த மூணைப் போட்டுப் பாப்போம்."

புகழேந்தி ரேட் எழுதும் கரும்பலகையை அழித்துவிட்டு சாக்பீஸோடு நின்றான். பாஸ்வேர்டு ஒன்றை யோசி என்றால் மனுஷனுக்கு என்ன தோன்றும்? தன்னுடையதுதான் தோன்றும்.

"என்னுது வேணு அறுபத்தஞ்சு" என்றான் வேணு. "உங்களுதும் அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குமா சார்?"

புகழேந்தி எழுதிக்கொண்டான்.

"நான் மாடு பேரும் வாசக்கதவு நம்பரும் வெச்சிருக்கேன்" என்றார் பால் சொசைட்டிக்காரர். பலகையில் லட்சுமியும் முப்பத்திரண்டும் ஏறின.

அப்புறம் அணை உடைந்தது. பிள்ளையின் பிறந்தநாள், பெண்சாதியின் செல்லப்பெயர், முதன்முதலில் வாங்கிய சைக்கிளின் நம்பர் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கால்மணி நேரத்தில் பலகையில் இடமில்லை. கழகத்தின் மூன்று வருஷ ரகசியமும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே, கொட்டை எழுத்தில் நின்றது. திருமலை கையைப் பிசைந்துகொண்டு, "எழுதாதே, எழுதாதே" என்று புகழேந்தியிடம் கெஞ்சினான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் தலைவர் மட்டும் பாக்கி. அவர் புகழேந்தியைத் தனியே அழைத்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னார். புகழேந்தி திரும்பிப் போய்ப் பலகையின் மூலையில் எழுதினான்.

'அண்ணாமலை.'

"தலைவரே!" என்றது சபை.

"இன்னா பண்றது?" என்றார் அருணகிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாத்தணும்னுதான் வந்து உக்காருவேன். சாமி பேரை எடுக்க மனசு வரலைப்பா."

கை தூக்கி ஓட்டெடுத்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றும் தப்பு. வினோதினியின் பதிலைப் பூட்டி வைத்திருந்த அந்தப் பாழாய்ப்போன பெட்டி இனி நான்கு மணி நேரத்துக்குத் திறக்காது என்றது.

திருமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி ஒன்று. நாலு மணி நேரம் என்றால் ஐந்து மணி. கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பதில் 'வா' என்று இருந்தால், அதற்கு மேல் அம்மாவிடம் சொல்லி, அவர் அழுது, சிரித்து, புடவை மாற்றி, ஆறு மணிக்குள் போய்ச் சேருவது எப்படி?

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுவோம், நடப்பது நடக்கட்டும் என்று துணிந்து வீட்டுக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வள்ளி சாவியை நீட்டினாள்.

"அம்மா எங்க போயிருக்காங்க?"

"வெளிய போயிருக்காங்க" என்றாள் வள்ளி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "சாப்பாடு மூடி வெச்சிருக்காங்களாம். பாயசம் இருக்குதாம், மறக்காம சாப்புடச் சொன்னாங்க."

வியாழக்கிழமையில் என்ன பாயசம்? அம்மாவுக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும். கோயிலுக்குப் போயிருந்தால் எந்தப் பிராகாரத்தில் என்று தேடுவது? திருமலை சமையலறையில் நின்றபடியே ஒரு வாய் பாயசம் குடித்தான். இதே நேரம் அவள் வீட்டில் ஆரணிக்காரர்களுக்கு என்ன பலகாரம் செய்துகொண்டிருக்கிறார்களோ என்று தோன்றியது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் நெட் சென்டருக்கே வந்துவிட்டான்.

போன மாதங்களில் அவள் எழுதிய மெயில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு தடவை, 'இன்னைக்கு எல்கேஜி பையன் ஒருத்தன் என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டு வெட்கப்பட்டான்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை அவன் எத்தனை நாள் வைத்துக்கொண்டு திரிந்தான்! எழுதினவள் கையெழுத்துகூட அதில் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்செழுத்து. ஆனாலும் அதில் அவள் குரல் கேட்டது. அந்தக் குரல் இன்றோடு சரியா?

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தபோது படியில் தடதடவென்று சத்தம். சுப்பன் மூச்சு வாங்க வந்து நின்றான். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கிறான்.

"சார், போண்டா இல்ல சார்!"

"இன்னாப்பா சொல்றே?"

"தங்கம்மா இப்பத்தான் சொல்லுச்சு. பௌர்ணமி அன்னிக்கு உருளைக்கெழங்கு தீந்துபோயி, மதியத்தோட போண்டாவை நிறுத்திட்டாங்களாம். சாயங்காலம் நீங்க சாப்ட்டது மசால் வடை சார்! தட்டுல மிச்சம் இருந்ததே ரெண்டுதானாம்!"

திருமலை நாற்காலியில் தாவி உட்கார்ந்தான். தங்கம், மசால் வடை, இரண்டு. மதியத்திலிருந்து கலையாமல் இருந்த பதினெட்டுப் பேரும் பின்னால் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் திரையை மூடவில்லை, மூடவேண்டும் என்று தோன்றவும் இல்லை. மோடம் யோசித்தது. வெள்ளைத் திரை கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே இறங்கியது.

திறந்துகொண்டது.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினான் வேணு. யாரோ விசில் அடித்தார்கள்.

திருமலை பார்த்தான். புதுக் கடிதங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அவன் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தான். பூஜ்யம். தேவையற்ற கடிதங்கள் விழும் பெட்டியைத் திறந்தான். அமெரிக்காவில் யாரோ அவனுக்கு மலிவு விலையில் கடிகாரம் விற்க ஆசைப்பட்டார்கள். அவ்வளவுதான்.

வரலைன்னா அவர் ஒத்துக்கலைன்னு அர்த்தம்.

திருமலை கும்பகோணம் வெற்றிலை போட்டவன் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திறந்தால் அழுதுவிடுவான். அத்தனை பேருக்கு நடுவில் அவனுக்கு அப்படி ஒரு தனிமையாக இருந்தது. பூட்டைப் பற்றி மூன்று வருஷம் பேசியிருக்கிறான். பூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருப்பதைப் பற்றி ஒரு வகுப்பிலும் பேசியதில்லை.

"ஒண்ணும் இல்லியா?" என்றார் தலைவர், எட்டிப் பார்த்து. "சரி, விடு. இன்னிக்கு நாள்ல இதெல்லாம் ஒரு விஷயமா? வா, நேரம் ஆவுது."

ஆறுதல் சொல்கிறாராம். திருமலை தலையை மட்டும் ஆட்டினான். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். புகழேந்திகூட கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, "பூட்டிடலாமா சார்?" என்று கேட்டு, அவனை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடிவிட்டான். ஆறு மணிக்கு முன்னால் அவன் சென்டரைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை.

திருமலை கடைசிப் படியில் உட்கார்ந்தான். எதிரே பஸ் ஸ்டாண்டில் வழக்கமான சத்தம். பூக்காரி மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். மலை மேல் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. இந்நேரம் ஆரணி வண்டி கீழ்பென்னாத்தூருக்குள் நுழைந்திருக்கும்.

கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ் ரிவர்ஸ் எடுத்து, அவனுக்கு நேராக வந்து நின்றது. கண்டக்டர் அப்பாதுரை தலையை வெளியே நீட்டினார். வாரா வாரம் வகுப்புக்குப் போகிற வகையில் அவனுக்கு நன்றாகப் பழக்கமானவர்.

"இன்னா சார் இங்க உக்காந்துகினு இருக்கீங்க? ஏறுங்க, உங்களுக்காகத்தான் அஞ்சு நிமிஷமா வண்டியை எடுக்காம வெச்சிருக்கேன்."

"இன்னிக்குக் கிளாஸ் இல்லைங்க."

"கிளாஸா!" அப்பாதுரை டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திருமலையின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இறங்கி அருகில் வந்தார். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?"

"மெயில் வரலைங்க" என்றான் திருமலை. யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவன் வாய் சொல்லிவிட்டது. "காலையிலருந்து பாக்கறேன். வினோதினிகிட்டேருந்து மெயிலே வரலை."

"எப்படிங்க வரும்? பௌர்ணமி அன்னிக்கு மாத்துன பாஸ்வேர்டு அந்தப் பொண்ணுக்கும் மறந்துபோச்சாம். காலையில பஸ் ஸ்டாப்புல நின்னு அப்படியே அழுதுச்சு."

திருமலை எழுந்து நின்றான். "அப்போ... அவங்கப்பா இன்னா சொன்னாரு? உங்களுக்குத் தெரியுமா?"

அப்பாதுரை அவன் கையைப் பிடித்து பஸ் படியில் ஏற்றிவிட்டு விசிலை வாயருகே கொண்டுபோனார்: "அவரு சம்மதிச்சு, ஆரணிக்காரங்களையும் வேணாம்னுட்டு, மொத ட்ரிப்புலயே உங்க வீட்டுக்கு என்கிட்டதான் சேதி சொல்லி அனுப்பிச்சாரு சார், உங்கம்மா பதினோரு மணி வண்டிக்கே தட்டோட போயாச்சு, உங்க தலைவரு, வேணு எல்லாம் உள்ள சீட் புடிச்சு உக்காந்துகினு இருக்காங்க, ஊருக்கே தெரியும், அதுக்காக மாப்பிள்ளைக்குப் போயி யாராச்சும் சேதி சொல்லுவாங்களா?"